மைக்காவில் மைக்கா இல்லை

திருத்தணியில் என் அக்கா வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவில் ஒரு முருகன் ஸ்டிக்கர் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போனபோது படியோரக் கடையில் வாங்கி ஒட்டியது. அதன் மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கவே, ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் பிடித்து இழுத்தாள். ஸ்டிக்கர் வந்தது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டும் வந்தது. தூள் தூளாக உதிரவில்லை. ஆறிய பாலின் மேல் ஆடையை எடுப்போமே, அதுபோல முழுசாக உரிந்து வந்தது. அடியில் பழைய தேக்கு மர டிசைன் புத்தம்புதிதாகப் பளபளத்தது.

"மாமா, நான் ஒண்ணுமே பண்ணல!"

உண்மைதான், பண்ணியவன் நான். மூன்று மாதத்துக்கு முன்னால், "எதுக்குக்கா புது அலமாரி? ஒரு டப்பா பெயின்ட் போதும்" என்று பெரிதாகச் சொல்லிவிட்டு, கத்திரி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எட்டுக் கதவுக்கும் வெள்ளை அடித்து முடித்தவன் நானேதான்.

கீல் சரிசெய்ய வந்த ஆசாரி அதைப் பார்த்துச் சிரித்தார். விரல் நகத்தால் இன்னொரு ஓரத்தைக் கிளப்பி, வாழைப்பழத் தோல் மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு உரித்தும் காட்டினார். "மைக்கா மேல சும்மா அடிச்சா நிக்குமா சார்? அது எதையும் ஒட்டவிடாது."

அவர் போனதும் கேள்வி வந்தது. "மைக்கான்னா என்ன மாமா?"

இதற்குப் பதில் சொல்ல ஆந்திரா வரை போய்வர வேண்டும். அதிக தூரமில்லை. திருத்தணி ஸ்டேஷனில் ரயிலேறி ரேணிகுண்டாவில் வண்டி மாறினால், காளஹஸ்தி, வெங்கடகிரி தாண்டிக் கூடூர் வந்துவிடும். நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022இல் திருப்பதி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. (மாவட்டம் மாறுவது எங்களுக்குப் புதிதில்லை. திருத்தணியே 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.) கூடூரைச் சுற்றியுள்ள நிலத்துக்கு அடியில் கிடைப்பதுதான் நிஜ மைக்கா. தெலுங்கில் அப்ரகம், தமிழில் அப்பிரகம். காக்காப்பொன் என்றும் நம் ஊரில் சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் அப்பிரக பற்பம் செய்வது இதிலிருந்துதான்.

மைக்கா ஒரு கனிமம். பாறைக்குள் ஏடு ஏடாக அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். அப்படிக் கிடைக்கும் கட்டிக்குச் சுரங்கக்காரர்கள் வைத்த பெயரே 'புத்தகம்'தான். கத்தி முனையால் நெம்பினால் ஒவ்வொரு பக்கமாகப் பிரிந்து வரும், கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவும். நெல்லூர்ப் பக்கத்து மைக்காவில் லேசான பச்சை நிறம் ஓடும். சூடு தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. இந்த இரண்டு குணமும் ஒரே பொருளில், அதுவும் தாள் மாதிரி மெல்லிய தகடாகக் கிடைப்பது அபூர்வம். பழைய இஸ்திரிப் பெட்டியைப் பழுதுபார்க்கிறவர் பிரிக்கும்போது எட்டிப் பாருங்கள். சூடாகும் கம்பி சுற்றியிருக்கிறதே, அந்தத் தகடு மைக்கா. மைக்ரோவேவ் அடுப்பின் உள்சுவரில் அட்டை போல ஒன்று செருகியிருக்கும். அதுவும் மைக்காதான்.

மின்சாரம் பரவத் தொடங்கிய காலத்தில் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் மைக்கா வேண்டியிருந்தது. உலகத்துக்கு அதை அனுப்பிய நாடுகளில் இந்தியா முன்வரிசையில் நின்றது. வடக்கே கோடர்மா, தெற்கே நெல்லூர். ஆனால் விலை அதிகம். 1912இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், வெஸ்டிங்ஹவுஸ் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓ'கானர் என்ற இரண்டு இளைஞர்கள் இதற்கு ஒரு மாற்று தேடினார்கள். துணியில் பேக்கலைட் பிசினைத் தடவி, உருளையில் சுற்றி, வெட்டிப் பிரித்து, அழுத்தித் தட்டையாக்கினார்கள். கெட்டியான தகடு கிடைத்தது. மின்சாரம் அதில் பாயவில்லை. மறுவருடம் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியபோது, 'மைக்காவுக்குப் பதிலாக' என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். 'ஃபார்' என்றால் பதிலாக. ஃபார் மைக்கா. சேர்த்துச் சொன்னால் ஃபார்மைக்கா.

இப்போது வேடிக்கையைக் கவனியுங்கள். 'மைக்காவுக்குப் பதில்' என்று பிறந்த தகடு பின்னாளில் மேசைக்கும் அலமாரிக்கும் வந்தது. இங்கே சன்மைக்கா என்ற வணிகப் பெயர் எல்லாக் கம்பெனித் தகட்டுக்கும் பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது. நகல் எடுப்பதை 'ஜெராக்ஸ்' என்கிறோமே, அப்படி. வாயில் நுழைய எளிதாக ஆசாரிகள் அதையும் சுருக்கி 'மைக்கா' ஆக்கிவிட்டார்கள். ஆக, மைக்கா இல்லாததாலேயே அந்தப் பெயரை வாங்கிய பொருளை, நாம் மைக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

"அப்ப அதுல என்னதான் இருக்கு?"

காகிதம். உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ மைக்கா ஒட்டிய மேசை இருந்தால் அதன் விளிம்பில் கண்ணை வைத்துப் பாருங்கள். மேலே வெள்ளையோ மர நிறமோ இருக்கும். அதன் கீழே, மையால் இழுத்த மாதிரி ஒரு கரும்பழுப்புக் கோடு ஓடும். அந்தக் கோடுதான் தகட்டின் உடம்பு. பார்சல் கவர் செய்கிற பழுப்புத் தாளைப் பல அடுக்காகப் பிசினில் ஊறவைத்திருக்கிறார்கள். அதன் மேல் டிசைன் அச்சடித்த தாள் ஒன்று. தேக்கு மரம் போலத் தெரிவது அச்சுதான். அதற்கு மெலமைன் பிசின். அம்மா வைத்திருக்கும் மெலமைன் தட்டு இருக்கிறதே, அதே சரக்கு. மெலமைனை முதலில் செய்தவர் ஜெர்மனியின் லீபிக், 1834இல். செய்தாரே தவிர, அதை வைத்து என்ன பண்ணலாம் என்று உலகம் கண்டுபிடிக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆயிற்று.

இந்த அடுக்கை 120 டிகிரிக்கு மேல் சூடான அழுத்து எந்திரத்துக்குள் வைத்து நசுக்குவார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோவுக்கும் மேல் பாரம். உங்கள் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு சிமென்ட் மூட்டையை ஏற்றி நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது அது 1 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே தகடு. தாள் தாளாகப் பிரிக்க முடியாது.

பிரியாததற்குக் காரணம் பிசின் வெந்துவிட்டது. வெல்லத்தைக் காய்ச்சினால் உருகும், ஆறினால் இறுகும், திரும்பக் காய்ச்சினால் திரும்ப உருகும். இட்லி அப்படியா? வெந்த இட்லியை மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் மாவாகாது. பிளாஸ்டிக்கிலும் இந்த இரண்டு சாதி உண்டு. பக்கெட், குடம் எல்லாம் வெல்லச் சாதி. மைக்கா தகடு இட்லிச் சாதி. அதன் மூலக்கூறுகள் நாலா பக்கமும் கைகோத்துக்கொண்டு ஒரே வலையாகிவிட்டன. புதிதாக வருகிறவனுக்குக் கொடுக்க ஒரு கையும் மீதி இல்லை. மஞ்சள் கறையும் எண்ணெயும் ஒட்டக்கூடாது, ஒரு துடைப்பில் போய்விட வேண்டும் என்பதற்காகவே செய்த பரப்பு அது. என் பெயின்ட்டையும் அது இன்னொரு சாம்பார் கறையாகத்தான் பார்த்திருக்கிறது.

பெயின்ட் ஒட்டுவது அதன் பசையால் என்றுதான் நாம் நினைக்கிறோம். பாதிதான் சரி. மீதிப் பாதி, எதன் மேல் அடிக்கிறோமோ அதன் கையில் இருக்கிறது. டிசம்பர் 31 அன்று எங்கள் மலையில் படித் திருவிழா. வருடத்துக்கு 365 நாள், மலைக்கு 365 படி. பக்தர்கள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறுவார்கள். கருங்கல்லில் வைத்த மஞ்சள் எளிதில் போகாது. உளி கொத்திய ஒவ்வொரு குழிக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். அதே மஞ்சளை வீட்டு டைல்ஸ் தரையில் வைத்து ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மஞ்சள் ஒன்றுதான், மாறியது பரப்பு.

குழி இல்லாத இடத்திலும் ஒட்ட முடியும். ஆனால் மிக மிக நெருங்க வேண்டும். எந்த இரண்டு பொருளின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று கொஞ்சம் இழுக்கும். அந்த இழுப்பு, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வெட்டினால் வருகிற ஒரு துண்டு தூரத்துக்குள் வந்தால்தான் வேலை செய்யும். இதை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது பல்லி. டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு காலடியில் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நுனியில் இன்னும் பல நூறு கிளையாகப் பிரியும். பசை கிடையாது. சுவரை அத்தனை இடத்தில், அத்தனை நெருக்கமாகத் தொடுவதுதான் அதன் வித்தை. 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நான் அடித்த பெயின்ட் நிற்காத அதே கதவில் அக்கா வீட்டுப் பல்லி தலைகீழாக ஓடுகிறது. தலையில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பார்க்கிறோமே ஒழிய, விழாமல் இருப்பது எப்படி என்று பார்ப்பதில்லை.

பெயின்ட்டுக்கு நுண்மயிர் இல்லை. அது திரவமாக இருக்கும்போதே பரவி, பரப்பை முழுக்கத் தொட்டாக வேண்டும். நடுவில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. இங்கேதான் சமையலறை நம்மைக் கவிழ்க்கிறது.

அடுப்புக்கு மேலே உள்ள கதவை விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுக்கு. அது வெறும் எண்ணெய் இல்லை. எண்ணெயாக இருந்தால் வழுக்கும். இது ஒட்டுகிறது. கடுகு தாளிக்கும்போது ஆவியோடு பறக்கும் எண்ணெய்த் துளிகள் கதவில் படிகின்றன. மாதக்கணக்கில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பிசினாகின்றன. இனாமல் பெயின்ட் காய்வதும் இதே வேதியியல்தான்! இனாமலுக்குள் ஆளி விதை, சோயா போன்ற எண்ணெய்களில் செய்த பிசின் இருக்கிறது. அதுவும் ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது. பிசுக்கு என்பது யாரும் கேட்காமல் நம் தாளிப்பு அடித்துவைத்த ஒரு மட்டமான பெயின்ட். நான் அதன் மேல்தான் வெள்ளை அடித்திருந்தேன். என் பெயின்ட் பிசுக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிசுக்குத்தான் கதவைப் பிடிக்கவில்லை.

இதை ஒரு சொட்டுத் தண்ணீரால் கண்டுபிடிக்கலாம். சேப்பங்கிழங்கு இலையில் ஒரு சொட்டு, கழுவாத அலமாரிக் கதவில் ஒரு சொட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியில் ஒரு சொட்டு, செங்கல்லில் ஒரு சொட்டு. மேலிருந்து பார்க்காமல், கன்னத்தைத் தரையோடு வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். இலையில் முத்துப் போல நிற்கும். கண்ணாடியில் படுத்துவிடும். செங்கல் குடித்தேவிடும். பிசுக்குக் கதவில் சொட்டு குமிழாகத் திரண்டால், பெயின்ட்டுக்கும் அங்கே நல்ல வரவேற்பு இருக்காது என்று அர்த்தம். கழுவிவிட்டுத் திரும்பச் சொட்டு வைத்தால் முன்னைவிடத் தாழ்ந்து பரவும்.

ஆகவே புரட்டாசியில், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், முதலிலிருந்து ஆரம்பித்தோம். உரிந்த பெயின்ட்டை நான் சுரண்டினேன், அக்கா மகளை விடவில்லை. நீங்களும் பழைய பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள். பழைய காலத்துப் பெயின்ட்டுகளில் ஈயம் இருக்கலாம், அதன் தூள் பிள்ளைகளின் மூளைக்குக் கெடுதல். 2017 நவம்பரிலிருந்துதான் இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது.

அவளுக்குக் கொடுத்த வேலை கதவுகளுக்கு அடையாளம் வைப்பது. எட்டுக் கதவையும் கழற்றினால் எது எங்கே இருந்தது என்று தெரியாது. பென்சிலில் எழுதினாள், நான் கழுவியதும் போய்விட்டது. காகிதம் ஒட்டினாள், அதுவும் நனைந்து விழுந்தது. கடைசியில் கீல் உட்காரும் வட்டக் குழியைக் கண்டுபிடித்தாள். 35 மில்லிமீட்டர் அகலத்தில் கதவின் உட்பக்கம் தோண்டியிருக்கும் அந்தக் குழிக்குள் மைக்கா கிடையாது, பச்சை மரம். அங்கே தன் மினுமினு நகப்பூச்சால் முதல் கதவுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு என்று எட்டு வரை வைத்துவிட்டாள். கழுவினாலும் போகவில்லை. மரத்தின் நார்த் துவாரங்களுக்குள் இறங்கிவிட்டது. நான் ஒரு பக்கம் எழுதிச் சொல்லியிருக்கும் விஷயத்தை அவள் எட்டு நிமிடத்தில் செய்து முடித்தாள்.

சலவைச் சோடா கலந்த வெந்நீரில் பிசுக்குப் போகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசினோம். சோடா மிச்சமிருந்தாலும் அதுவும் நடுவில் நிற்கும் ஆள்தான். பிறகு உப்புத்தாள். (இதில் உப்பு இல்லை. மணலும் இல்லை. இன்று பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடோ சிலிக்கான் கார்பைடோதான். மைக்காவில் மைக்கா இல்லை, உப்புத்தாளில் உப்பு இல்லை. தச்சுப் பட்டறையில் பெயரை நம்பக்கூடாது போலும்.) பின்பக்கம் எண் போட்டிருக்கும். எண் ஏற ஏறத் துகள் பொடி. நான் எடுத்தது 220. அதன் துகள் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம்.

பாட்டி வீட்டு அம்மி வழவழப்பாகிவிட்டால் என்ன செய்வார்கள்? "அம்மி கொத்தறதே..." என்று தெருவில் குரல் கேட்கும். கூப்பிட்டுக் கொத்தச் சொல்வார்கள். உப்புத்தாள் போடுவது மைக்காவுக்கு அம்மி கொத்துவதுதான், குழிகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னவை. பளபளப்புச் செத்து மங்கலானால் போதும். வீரத்தைக் காட்டி அழுத்தித் தேய்த்தால் அச்சுத் தாள் கிழிந்து, அந்தக் கரும்பழுப்பு எட்டிப் பார்க்கும். நான் ஒரு மூலையில் அதையும் செய்தேன். முகமூடி போட்டுக்கொண்டு, வாசலில் வைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் தூசியைத் துடைத்தோம்.

அடுத்து பிரைமர். வழுக்கும் பரப்பைப் பிடிப்பதற்கென்றே செய்த பிரைமராகப் பார்த்து வாங்க வேண்டும், சுவருக்கு அடிப்பது உதவாது. இதில் ஒரு பழைய கில்லாடி அரக்கு. மரக்கிளையில் கூட்டமாக உட்காரும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்ட் காடுகளில் நிறைய எடுக்கிறார்கள். ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் கண்ணாடி மாதிரியான பரப்பிலும் பிடித்துக்கொள்ளும். வெளிநாடுகளில் அரக்கை வைத்தே பிரைமர் விற்கிறார்கள்.

பிரைமரின் மேல் பெயின்ட், மெல்லிசாக இரண்டு கை. ஒரே கையில் தடியாக அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும். என் பழைய தப்புகளில் வெயிலும் ஒன்று. கத்திரியில் எங்கள் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும். கதவே சுடும். பரவி ஒட்டுவதற்கு நேரம் கிடைக்கும் முன் பெயின்ட் இறுகிவிட்டது.

எல்லாப் பெயின்ட்டும் ஒரே மாதிரி காய்வதில்லை என்பதையும் அவளுக்குச் சொன்னேன். நகப்பூச்சு, துணி காய்வது போல. கரைப்பான் ஆவியாகிப் போனதும் முடிந்தது, திரும்பக் கரைப்பான் பட்டால் கரைந்துவிடும். இனாமல் இட்லிச் சாதி, நன்றாக இறுகியபின் கரையாது. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட் ஜவ்வரிசி வடாம். தண்ணீர் வற்ற வற்ற உருண்டைகள் நெருங்கி, அமுங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே ஏடாகும். தொட்டுப் பார்த்தால் ஒரே நாளில் காய்ந்த மாதிரி இருக்கும். முழு பலம் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை அக்காவை ஈரத்துணியோடு கதவுப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் இதில் கடினமான வேலை.

பிறகு சோதனை. எட்டாவது கதவின் உட்பக்கத்தில் பிளேடால் நெடுக்காக ஆறு கோடு, குறுக்காக ஆறு கோடு கீறினேன். 25 சின்னக் கட்டம். அதன் மேல் செலோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுக்கச் சொன்னேன். பெயின்ட் தொழிற்சாலைகளிலும் இதே சோதனைதான் செய்கிறார்கள். டேப்பை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். ஒரு கட்டத்தின் மூலை மட்டும் வந்திருந்தது. என் பழைய பெயின்ட்டில் இதைச் செய்திருந்தால் டேப்போடு 25 கட்டமும் வந்திருக்கும். எல்லா அலமாரிக்கும் இந்தப் பாடு தகும் என்றும் சொல்ல மாட்டேன். உள்ளே பலகை தண்ணீர் குடித்து ஊதியிருந்தால் பெயின்ட் செலவு வீண், கதவை மாற்றுவதே மேல்.

கதவுகளை மாட்டும் நாள் அவள் நகப்பூச்சுச் சீசாவைக் கொண்டுவந்து, அதன் அட்டையில் எறும்பு எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"மாமா, இதுல மைக்கான்னு போட்டிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். நிஜ மைக்காதான். அதைத் தவிடு போலப் பொடித்துப் போட்டால்தான் அந்த மினுமினுப்பு வரும்.

"கூடூர் மைக்காவா?"

"அது அட்டையில போடல."

நாங்கள் புள்ளிகளை எண்ணி எண்ணிக் கதவை எடுத்துக் கொடுத்தோம். ஆசாரி ஒவ்வொரு குழியிலும் கீலை வைத்துத் திருகி மூடிக்கொண்டே போனார்.